ஒப்புக்குச் சப்பாணி

பழைய கெட்டிலின் மூக்கைத் தரையோடு சாய்த்து, குனிந்தபடி பின்னோக்கி நடந்து, தெருவில் தண்ணீர்க் கோடு போடுகிறாள் எடெலின். நெடுக்கே ஒன்று, குறுக்கே சில. வெயில் சாய்ந்ததும் பிள்ளைகள் பாத்தின்தேரோ ஆடுவார்கள். ஒரு கட்சி கோடுகளின் மேல் காவல் நிற்கும், மறு கட்சி தொடுபடாமல் கடந்துபோய்த் திரும்ப வேண்டும். தார்ச்சூட்டில் கோடு சீக்கிரம் காய்ந்துவிடும்.

"அத்தே, கோடு போச்சு!"

அடுப்பை விட்டுவிட்டு ஓடுவாள். சர்க்கரை பூசிக் குச்சியில் கோத்த வாழைப்பழத்தை வீட்டு வாசலில் பொரித்து விற்பதுதான் பிழைப்பு. இந்த ஓட்டத்தில் பாதிப் பழம் கருகும். "கருகினாத்தான்டா ருசி, தின்னு" என்று நீட்டுவாள்.

போன மழைக்காலத்தில்தான் ஊர் திரும்பினாள். அதுவரை ஹாங்காங்கில் ஒரு வீட்டோடு தங்கி வேலை பார்த்து, அந்த வீட்டுப் பிள்ளையை வளர்த்தாள். அந்த வீடு இன்னும் அவள் உடம்பை விட்டுப் போகவில்லை. சாலையைக் கடக்கும்போது பக்கத்தில் எந்தப் பிள்ளை நின்றாலும் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சுவரோரம் போய் நிற்பாள். "உக்காரேன்க்கா, இது உன் வீடுதானே" என்று தங்கை அரசெலி சலித்துக்கொள்வாள்.

எடெலினின் மகள் கிரிசெலை வளர்த்தது அரசெலிதான். பால்குடி மறக்காத வயதில் விட்டுப்போன குழந்தைக்கு இப்போது அம்மாவின் உயரம். "ஏம்மா இவ்ளோ உப்பு போட்ட? நீயே தின்னு" என்று சித்தியிடம் தட்டைத் தள்ளுவாள். பெற்றவள் மீனில் முள் எடுத்துத் தரவா என்று கேட்டால், "இருக்கட்டும் மம்மி. நீங்க சாப்பிடுங்க" என்பாள். அந்த 'நீங்க' ஒவ்வொரு தடவையும் எடெலினை முள்ளாகக் குத்தும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்சிக்கு ஆள் குறைந்தது. எடெலின் அடுப்பை அணைத்தாள்.

"என்னையும் சேத்துக்கங்கடா!"

பிள்ளைகள் கிரிசெலைப் பார்த்தார்கள். "மம்மி ஒப்புக்குச் சப்பாணி. யாரும் தொட வேணாம்" என்றாள் அவள்.

ஆட்டம் தொடங்கியது. எடெலின் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாய்ந்தாள். முதல் கோட்டுப் பையன் ஒதுங்கி வழிவிட்டான். அடுத்த கோட்டிலும் அப்படியே. பின்னால் ஒருத்தி பிடிபட்டாளா இல்லையா என்று ஒரே சண்டை. "தொட்டேன்டி!" "பொய், காத்துதான் பட்டுச்சு!"

கடைசிக் கோட்டில் கிரிசெல் நின்றாள். எடெலின் வேண்டுமென்றே மெதுவாக நடந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள்.

"தொடுடி. தொட்டா நான் அவுட்டு."

"பரவால்ல மம்மி. நீங்க போங்க."

"நானும் ஆடத்தானே வந்தேன்?"

"உங்களத் தொட்டாலும் கணக்குல வராது மம்மி." அதில் கோபம் இல்லை. விருந்தாளிக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுகிற பணிவுதான் இருந்தது.

எடெலின் கோட்டருகே வந்து, தொடட்டும் என்று வலது கையை மகளின் மார்புக்கு நேராக நீட்டினாள். அந்த நேரம் எடெலின் கட்சியில் ஆடிய பக்கத்து வீட்டுப் பையன் ஓரமாக நழுவப் பார்த்தான். "டேய், நில்லுடா!" என்று கூவி, கிரிசெல் அந்தக் கைக்குக் கீழே குனிந்து, கோட்டோடு கோடாக ஓடினாள்.

எடெலின் நீட்டிய கையை இறக்கவில்லை.