வசந்தா சிஸ்டர் நம்பாத ரிப்போர்ட்

வசந்தா சிஸ்டர் இறந்துவிட்டார் என்ற செய்தி, பழைய ஹாஸ்டல் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற மாதம் ஒரு மத்தியான வேளையில் வந்தது. நான் நம்பவில்லை. உயிரோடு இருக்கும் நடிகர்களுக்கே இரண்டு முறை இரங்கல் தெரிவித்த குழு அது. நேராக சிஸ்டரின் எண்ணுக்கே போன் செய்தேன். அவர் மகன் எடுத்தான். "அம்மா போயிட்டாங்கக்கா. காலைல நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றான். அதற்குப் பிறகும் எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு, யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். போனை வைத்த பிறகுதான், நான் கேட்டதெல்லாம் சிஸ்டர் கேட்கும் கேள்விகள் என்று உறைத்தது. பிறகு உட்கார்ந்து அழுதேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் மருத்துவ அறையில் அவர் நர்ஸ். வல்லம் வடகால் பக்கத்து ஊர்க்காரர். யார் என்ன சொன்னாலும் முதலில் நம்பமாட்டார். வேலைக்கு டிமிக்கி கொடுக்க, கேன்டீன் டீயை வாயில் அடக்கிக்கொண்டு வந்து தெர்மாமீட்டரைக் கவ்விய பெண்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அதனால் காய்ச்சல் என்று வருபவளைப் பச்சைத் தண்ணீர் குடிக்க வைத்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்துத்தான் சூடு பார்ப்பார். "வாய் சொல்றத அப்பால கேக்கலாம், மொதல்ல கைய குடு" என்று மணிக்கட்டைப் பிடிப்பார்.

நாங்களும் அவரை நம்பவில்லை. மருத்துவ அறைக்கும் எச்.ஆர். அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். இங்கே இருமினால் அங்கே எழுதிக்கொள்வார்கள் என்பது ஹாஸ்டலில் எல்லோருடைய முடிவு. சிஸ்டர் கம்பெனியின் ஆள் என்று எனக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

நான் தென்காசிப் பக்கம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் கழிந்தபோது எனக்கு அசதி ஆரம்பித்தது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் எட்டு மணி நேரம் மண் சுமந்தவள்போல் இருக்கும். கம்பெனி பஸ்ஸில் தூங்கி, இறங்குமிடம் தாண்டிப் போயிருக்கிறேன். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. சாப்பாடு குறைந்தும் உடம்பு ஊதியது. மற்றவர்கள் ஃபேனுக்கு அடியில் இடம் பிடிக்கச் சண்டை போடும்போது நான் போர்வையைத் தேடினேன். லைனில் ஸ்க்ரூ முடுக்குவது என் வேலை. கை மெதுவாகிவிட்டது. "பேச்சியம்மா, தூக்கம் வந்தா ஊருக்குப் போய்த் தூங்கு" என்றார் சூப்பர்வைசர்.

அந்த நேரத்தில்தான் கம்பெனியில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை வந்தது. அந்த வருடம் தைராய்டும் பார்ப்பார்கள் என்றார்கள். நாங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ரிப்போர்ட்டில் ஏதாவது கோளாறு வந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று இன்றுவரை தெரியாது. எங்கள் அறையில் முத்துச்செல்வி என்றொருத்தி இருந்தாள். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து துணி துவைப்பாள். தலைவலி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. முகக்கவசமும் தொப்பியும் போட்டால் லைனில் எல்லோரும் ஒரே ஆள்தான். பரிசோதனை நடந்த இரண்டு நாளில், எங்கள் அடையாள அட்டைகளை மாட்டிக்கொண்டு எனக்காகவும், என்னைப் போலவே பயந்த அறைத் தோழிகள் கனகாவுக்காகவும் ரோஸ்லினுக்காகவும் செல்வியே ரத்தம் கொடுத்தாள். அவளுடைய கணக்கையும் சேர்த்து இரண்டு கையிலும் நாலு ஊசி. நாங்கள் அவளுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தோம்.

என் பெயரில் வந்த ரிப்போர்ட்டில் எல்லாம் நன்றாக இருந்தது. தைராய்டு அளவும் சரியாக இருந்தது. அடுத்து நான் செய்த முட்டாள்தனத்தை இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு படப்பையில் ஒரு டாக்டரிடமும் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு டாக்டரிடமும் போனேன். இருவரும் அதைப் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒருவர் சத்து டானிக் எழுதினார். இன்னொருவர் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். இது என் ரத்தமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டருக்கும் கம்பெனிக்கும் தொடர்பு இருந்தால் என்ன செய்வது? போகப்போக அந்தக் காகிதத்தை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். எனக்கு நோய் இல்லை, நான் சோம்பேறிதான் என்று நினைத்துக்கொண்டு அழுவேன்.

ஒருநாள் லைனில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். மருத்துவ அறையில் படுக்க வைத்தார்கள். சிஸ்டர் என் ரிப்போர்ட்டை எடுத்து வாசித்தார். பிறகு என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஓ பாசிட்டிவ்னு கீது. ரிப்போர்ட்ல ஏ பாசிட்டிவ்னு கீது. இன்னாம்மா, வருசத்துக்கு வருசம் ரத்தம் மாறுமா உனக்கு?"

"எனக்குத் தெரியலையே சிஸ்டர்" என்றேன்.

அவர் எழுந்துபோய்க் கோப்பைப் புரட்டி, அதேபோல் இருந்த மேலும் இரண்டு காகிதங்களை எடுத்து வந்தார். கனகாவுடையதும் ரோஸ்லினுடையதும். "மூணு பேருக்கும் அதே குரூப்பு, சுகரும் கொழுப்பும் கிட்டத்தட்ட அதே. ஒரே வயித்துல பொறந்தவங்களுக்குக்கூட இப்டி அமையாது. யார் ரத்தம் இது?"

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவரும் வற்புறுத்தவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, தன் விடுமுறை நாளில், ஷேர் ஆட்டோவில் என்னைப் படப்பைக்குக் கூட்டிப்போய் ஒரு லேபில் ரத்தம் எடுக்க வைத்தார். ஊசி ஏறும்வரை என் முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருப்பதாக முடிவு வந்தது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடச் சொன்னார் டாக்டர். வெளியே வந்ததும் சிஸ்டர் என்னை நிறுத்தினார். "காலைலன்னு அவர் சொன்னது பகல்ல வேலை செய்றவனுக்கு. நைட் ஷிப்ட் முடிச்சு, கேன்டீன்ல பொங்கல் துன்னுட்டு வந்து போடாத. நீ தூங்கி எழுந்துக்கிற நேரம்தான் உனக்குக் காலை" என்றார்.

எனக்கு ஒரு நோய் இருக்கிறது என்று தெரிந்ததில் அன்று நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அது ஒரு வாரம்தான் நீடித்தது. அடுத்த திங்கட்கிழமை என்னை லைனிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். அடுத்தது வீடுதான் என்று நினைத்தேன். சிஸ்டர் போட்டுக்கொடுத்துவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விடுமுறை நாளில் ஒருத்தி சும்மாவா இவ்வளவு செய்வாள் என்று தோழிகளும் ஏற்றிவிட்டார்கள். கேன்டீன் வாசலில் இருந்த ஆலோசனைப் பெட்டியில் ஒரு மொட்டைக் கடுதாசி விழுந்தது. நர்ஸ் கமிஷனுக்காகப் பெண்களை வெளி லேபுக்குக் கூட்டிப் போகிறார் என்று ஒன்றரைப் பக்கம். அதை எழுதியவள் நான்.

சிஸ்டரை எச்.ஆரில் கூப்பிட்டு விசாரித்தார்கள். இனி எந்தத் தொழிலாளியையும் வெளியே கூட்டிப் போவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து எங்கள் லைனில் ஸ்க்ரூ முடுக்கும் இயந்திரம் வந்து இறங்கியது. நான் மட்டுமல்ல, ஏழு பேர் மாற்றப்பட்டிருந்தார்கள். அந்தப் பட்டியல், என் ரத்தம் லேபுக்குப் போவதற்கு முன்பே தயாரானது என்று சூப்பர்வைசரே சொன்னார்.

சிஸ்டர் மாறவே இல்லை. பார்க்கும்போதெல்லாம் "மாத்திர போட்டியா? வெறும் வயித்துலயா? எங்க, நாக்க நீட்டு" என்பார். நான் நாக்கை நீட்டுவேன், கண்ணைப் பார்க்கமாட்டேன். இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் தலைவலி மாத்திரைக்குப் போனபோது அவர் கதவைச் சாத்தினார்.

"கனகாவுக்கும் ரோஸ்லினுக்கும் இன்னும் சொந்த ரத்தத்தைப் பாக்கல. கனகா முகம் ஊதிகினே போவுது. நான் போவக்கூடாது. ஞாயித்துக்கெழம நீ இட்டுகினு போ."

"நானா சிஸ்டர்?"

"ஒன்றரை வருசமா என் ரிஜிஸ்டர்ல எழுதிகினு கீற. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா பேச்சி? அவ்ளோ நீட்டா எழுதத் தெரிஞ்சவளுக்கு, ரெண்டு பேர ஆட்டோல ஏத்தத் தெரியாதா?"

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு சரி என்றேன். இருவரையும் கூட்டிப் போனேன். ரோஸ்லினுக்கு இரும்புச் சத்துக் குறைவு மட்டும்தான். கனகாவுக்குத் தைராய்டு, என்னுடையதைவிட மோசமாக. திங்கட்கிழமை ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஊசி குத்தும்போது பக்கத்துல நின்னியா?"

"நின்னேன் சிஸ்டர்."

"அவ கைதானா?"

"அவ கைதான்."

"சரி. அப்போ நம்பலாம்" என்றார்.

சாவு வீட்டுக்குக் கனகாவும் வந்திருந்தாள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மாலையை வைத்துவிட்டு என் தோளில் சாய்ந்து, "இந்த மனுசி மேலயே மொட்டக் கடுதாசி போட்டாளே ஒருத்தி, அவ நல்லாருப்பாளா?" என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். சிஸ்டர் அந்தப் பெயரை யாரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கனகா, அது நான்தான். அன்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. சிஸ்டரிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், அவருக்குக் கேட்காது.

வசந்தா சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய சந்தேகம்தான். இப்போது நான் லைன் லீடர். அசதியாக இருக்கிறது, ஆனால் ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று ஒரு பெண் சொன்னால், அந்த ரிப்போர்ட்டை வாங்கி மடித்து வைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளோடு படப்பைக்குப் போகிறேன். ஊசி ஏறும்போது பக்கத்தில் நிற்கிறேன்.