பதினொன்று முதல் இரண்டு வரை இலவசம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டுக் கைப்பேசியின் மீது எனக்கு எந்த உரிமையும் கிடையாது. அப்போது ஆஸ்திரேலியாவில் பதினொன்று. அங்கே என் மகள் கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைப்பாள். இங்கே ஆனையூரில் என் மனைவி கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டுச் சின்ன வெங்காயம் உரிப்பாள். ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள். தையல்காரன் ரவிக்கைக் கழுத்தை எப்படிக் கெடுத்தான், யார் வீட்டு விசேஷத்தில் யார் யாரோடு பேசவில்லை, தெருநாய் எங்கே குட்டி போடப் பார்க்கிறது, எல்லாம் வரும். வாரத்தின் மற்ற ஆறு நாளும் மனைவி என்னோடு பேசுவதைக் கூட்டிப் பார்த்தால் அதில் பாதி தேறாது.

கடைசி இரண்டு நிமிடம் எனக்கு.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

அவ்வளவுதான். முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எந்த மனுவோடு எதை இணைக்க வேண்டும், அது எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும், தட்டி எழுப்ப யாரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மின் இணைப்பில் பெயர் மாற்ற வேண்டுமா, வீட்டு வரியில் பிழையா, தெருவில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். மகளுக்கு மட்டும் என் மாத்திரையைத் தாண்டி என்னிடம் கேட்க ஒன்றும் இல்லாமல் இருந்தது.

சென்ற வருடம் அவளும் மாப்பிள்ளையும் அங்கே சொந்த வீடு வாங்கினார்கள். வாடகை வீட்டில் இருந்தவரை ஏற்கெனவே இருந்த மின் இணைப்பு அப்படியே ஓடியது. சொந்த வீட்டுக்கு நாமே ஒரு கம்பெனியைப் பிடித்து, அதில் ஒரு கட்டணத் திட்டத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். ஒரு ஞாயிறு அன்று என் இரண்டு நிமிடத்தில் மகள் சொன்னாள்: "அப்பா, எங்களுக்குத் தலையும் புரியல வாலும் புரியல. இதெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும், நீங்களே ஒண்ணப் பாத்துச் சொல்லுங்க."

அன்றைக்கு எனக்கு மாத்திரையே தேவைப்பட்டிருக்காது.

முதலில் அடிப்படை விவரங்களைக் கேட்டேன்.

"எத்தனை யூனிட் தாண்டினா ரேட் ஏறும்?"

"ஏறாதுப்பா."

"ஆயிரம் யூனிட் ஓட்டினா?"

"அப்பவும் யூனிட்டுக்கு அதே ரேட்தான்."

"அப்புறம் ஜனங்க எதுக்குத்தான் பயப்படுவாங்க?"

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. ஐநூறு யூனிட்டைத் தாண்டினால், தாண்டாத யூனிட்டுக்கும் சேர்த்து விலை கூடும். அதனால் நாற்பத்தைந்தாம் நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவசரநிலை அமலுக்கு வரும். ஏசி மின்விசிறியாக மாறும், மின்விசிறி ஜன்னலாக மாறும். நான் பிறந்த எழுமலைப் பக்கத்து வீட்டில் இருந்தது ஒரே ஒரு பல்பு, அரசாங்கம் கொடுத்தது. மீட்டர்கூடக் கிடையாது. போடலாம், அணைக்கலாம், வேறு திட்டம் எதுவும் இல்லை. இப்படி வளர்ந்தவனிடம் எவ்வளவு செலவழித்தாலும் ஒரே விலை என்றால் அதில் ஏதோ சூது இருப்பதாகத்தான் படும்.

"மாடிக்குத் தனி மீட்டர் இருக்கா?" என்றேன்.

"அப்பா, இங்க மாடியே இல்லப்பா."

சரி என்று கணினியில் உட்கார்ந்தேன். கம்பி ஒன்று, கம்பம் ஒன்று, கரண்டும் ஒன்று. விற்கிறவர்கள் மட்டும் இருபத்தொரு பேர். நமக்கு இருப்பது ஒரே அலுவலகம். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ள வழியில்லை, ஆகவே குழப்பமும் இல்லை. அங்கே ஒவ்வொருவரிடமும் ஐந்தாறு திட்டங்கள். அவற்றின் பெயர்களைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் சித்த மருந்துப் பாட்டில்கள்தான் நினைவுக்கு வரும். நான் பழைய அட்டைக் கோப்பு ஒன்றை எடுத்து, நாடா கோர்த்து, பக்கங்களுக்குச் சிவப்பு மையில் எண் போட்டேன். நீளவாட்டுத் தாளில் இருபத்தொரு கம்பெனிக்கும் ஒப்புநோக்குப் பட்டியல் தயாரித்தேன். தினசரி நிலைக்கட்டணம், யூனிட் விலை, சலுகை, சலுகை எப்போது காலாவதியாகும் என்று கட்டம் கட்டமாக.

எதிர்வீட்டுக்காரர் அவனியாபுரத்தில் ஏசி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். ஒருநாள் செய்தித்தாள் வாங்க வந்தவர் மேசையில் விரிந்து கிடந்த தாளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்னண்ணே, மகளுக்கு மறுபடியும் மாப்ள பாக்குறீகளா? கட்டம் எல்லாம் பலமா இருக்கு."

"கரண்டு பாக்குறேன். ஆஸ்திரேலியாவுக்கு."

"கரண்டுக்கா இம்புட்டுப் பொருத்தம்? எம்புட்டு வரன் வந்திருக்கு?"

"இருபத்தொண்ணு."

"அதுல ஓசியாக் குடுக்குறவன் யாராவது இருக்கானா பாருங்கண்ணே. நம்ம ஊர்லயே நூறு யூனிட் ஓசியாத் தாராக."

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் பதினான்காவது கட்டத்தில் அப்படி ஒருவன் இருந்தான். தினமும் பகல் பதினொன்று முதல் இரண்டு வரை கரண்டு முற்றிலும் இலவசம். வெயிலிலிருந்து எடுக்கும் மின்சாரம் நடுப்பகலில் மிஞ்சிப் போகிறதாம், அதை இப்படித் தள்ளிவிடுகிறார்கள். மற்ற நேரத்துக்கு யூனிட் விலை சற்றுக் கூடுதல். விலை கூடுதலான நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, இலவச நேரத்தில் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஓட்டிவிட வேண்டியதுதான். வார நாளில் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள், பெரிதாக ஒன்றும் நடக்காது. ஞாயிறு இருக்கிறதே.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றுவதை நிறுத்தினாள்.

"பதினொண்ணுல இருந்து ரெண்டா? ஞாயித்துக்கெழம அது நாங்க பேசுற நேரமில்ல?"

"பேசுறதுக்கு என்ன? பேசிக்கிட்டே ஓட்டலாம்."

"ஓட்டுறது யாரு, நீங்களா?"

இந்த ஆட்சேபணையை நான் கோப்பில் ஏற்றவில்லை. வாய்மொழி ஆட்சேபணையைப் பதிவு செய்ய விதி கிடையாது. ஏழு பக்கக் குறிப்பு எழுதி, பதினான்காம் எண் கம்பெனியைப் பரிந்துரைத்து, படமெடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். ஒரே நிமிடத்தில் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. என் பணிக்காலத்தில் ஏழு பக்கக் குறிப்பு எதற்கும் இவ்வளவு விரைவில் ஒப்புதல் கிடைத்ததில்லை. அவர் அதைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை என்பது எனக்குத் தெரியும். படிக்காமல் ஒப்புதல் தருவதும் நான் அறிந்த நடைமுறைதான்.

கூடவே ஒரு கால அட்டவணையும் அனுப்பினேன். பதினொன்றுக்குத் துணி துவைக்கும் மிஷின். பதினொன்று ஐந்துக்கு இட்லி மாவு அரைக்க கிரைண்டர். பதினொன்றரைக்குத் தூசி உறிஞ்சும் மிஷின். பன்னிரண்டுக்குத் துணி உலர்த்தும் மிஷினும் அடுப்பும். ஒரு மணிக்கு இஸ்திரி. இரண்டு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லாவற்றையும் அணைத்து, அணைத்ததை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

முதல் ஞாயிறு வந்தது. என் மனைவி செம்பையும் வெங்காயத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கே மகள் கைப்பேசியைத் துவைக்கும் மிஷின்மேல் வைத்திருந்தாள். நிலநடுக்கத்தின் நடுவே செய்தி வாசிப்பவரைப் போல அவள் முகம் ஆடியது.

"அந்தத் தையக்காரன் இருக்கான்ல..." என்று இவள் ஆரம்பித்தாள்.

"என்னம்மா? கேக்கல! இரும்மா, கிரைண்டரப் போட்டுட்டு வாரேன்."

வந்தாள். பிறகு தூசி மிஷினுக்குப் போனாள். திரையில் வெகு நேரம் அவர்கள் வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. நல்ல கூரை. மகள் திரும்பி வந்த ஒரு இடைவெளியில் நான் தலையை நீட்டி, "மீட்டர்ல இப்ப எம்புட்டு ஓடுது?" என்றேன். அவள் தன் கைப்பேசியில் பார்த்துச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். அந்த எண்ணுக்கு நேரே தொகை பூஜ்யம் என்று எழுதும்போது ஏற்பட்ட மகிழ்ச்சியைப் பதவி உயர்வு வந்த நாளில்கூட நான் அடைந்ததில்லை.

இப்படியே வாரங்கள் போயின. மூன்றாவது ஞாயிறு மகளிடமிருந்து அழைப்புக்குப் பதில் ஒரு செய்தி வந்தது: "ம்மா, ரெண்டு மணிக்கு மேல பேசவா?" இரண்டு மணிக்கு மேல் அவர்கள் வாரச் சாமான் வாங்கக் கிளம்ப வேண்டும். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கெல்லாம் கடையைச் சாத்திவிடுகிறார்கள். காரை நிறுத்திவிட்டு நான்கு நிமிடம் பேசினாள். அதில் ஒரு நிமிடம் என் மீட்டருக்கு.

என் மனைவி தன் பழக்கத்தை விடவில்லை. ஆறரைக்கு வழக்கம்போல உட்காருவாள். ஒன்றரை மணி நேரம் உரிக்கும் வெங்காயத்தை இருபதே நிமிடத்தில் உரித்துவிட்டு, செம்பில் சாய்ந்திருந்த கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை தையல்காரன் விஷயத்தை என்னிடமே சொல்லத் தொடங்கினாள். "ரசீது வச்சிருக்கியா?" என்று கேட்டேன். அத்தோடு நிறுத்திக்கொண்டாள். இன்னொரு நாள் தெருநாய் குட்டி போட்டதைச் சொன்னாள். மாநகராட்சியில் எந்தப் பிரிவுக்கு எழுத வேண்டும் என்று விளக்கினேன். அதன் பிறகு அவள் என்னிடம் செய்தி எதுவும் சொல்வதில்லை.

நான் மரமல்ல. ஏதோ சரியில்லை என்று எனக்கும் தெரிந்தது. முதல் மாத பில் வந்தபோது, "மிச்சம் எம்புட்டு?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் மரியாதையாகக் கொஞ்சம் யோசித்து, "ரெண்டு காபி வரும் மாமா. நல்ல கடையில ஒண்ணு," என்றார். ஆகவே திட்டத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்று முடிவுக்கு வந்தேன். ஆனால் ஒரு வரைமுறை வேண்டாமா? கம்பெனியின் நிபந்தனைகள் இருபத்திரண்டு பக்கம். அதைப் படித்து, விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, அபராதம் உண்டா என்று பார்த்து, வரைவுக் கடிதம் தயாரிக்க வேண்டும். ஒன்பதாவது பக்கம் வரை வந்திருந்தேன்.

ஏழாவது ஞாயிறு. மகள் அழைத்தாள். பின்னால் மிஷின்கள் மில் போல இரைந்துகொண்டிருந்தன. நான் கோப்போடு வாசற்படியில் நின்று என் முறைக்காகக் காத்திருந்தேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏத்தா, அந்தக் கரண்டை மாத்திப்புடு," என்றாள்.

"எந்தக் கரண்டும்மா?"

"உங்கப்பா கட்டி வச்சது."

மகள் எதையோ அணைத்தாள். பிறகு இன்னொன்றையும் அணைத்தாள். சத்தம் அடங்கியது.

"மாத்துறதுக்கு ஒரு நிமிஷம் ஆகாதும்மா. ஃபோன்லயே ஒரு பட்டன்தான். நானும் ஒரு மாசமா நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அப்பா பாவம், ஃபைல் எல்லாம் போட்டு... அவரு சந்தோஷமா இருக்காரேன்னு விட்டு வச்சிருக்கேன்."

"அவரு சந்தோஷம் அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நான் உங்கூடப் பேசி ஏழு வாரமாச்சு."

"இரும்மா," என்றாள் மகள். திரையில் அவள் கட்டைவிரல் அசைவது தெரிந்தது. "ஆச்சு. இனிமே நாள் பூராவும் ஒரே ரேட்டு."

என்னால் பொறுக்க முடியவில்லை. "முன்னறிவிப்பு எதுவும் கேக்கலையா? ஒப்புகை வந்துச்சா?" என்றேன் வாசற்படியிலிருந்து.

"வந்துருச்சுப்பா."

"என்ன போட்டிருக்கான்?"

"'நன்றி'ன்னு."

பத்தாவது பக்கத்திலிருந்து இருபத்திரண்டாவது பக்கம் வரை என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டில் துணி துவைக்கும் மிஷின் வாய் திறக்கவில்லை. சர்க்கரை டப்பா தன் பழைய வேலைக்குத் திரும்பியிருந்தது. நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பக்கத்து அறையில் இருந்தேன். தையல்காரன் முக்கால் மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டான். ரசீதைப் பற்றி மகள் கேட்கவே இல்லை. "அய்யய்யோ, அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அது ஒரு நடைமுறை என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

எட்டு மணிக்கு மனைவி கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். வெங்காயம் இன்னும் பாதி உரிக்காமல் கிடந்தது.

"மாத்திரை போட்டீங்களாப்பா?"

"போட்டேன்."

"அப்பா, புதுத் திட்டத்துக்கு ஏதோ கடுதாசி அனுப்பியிருக்காங்க. எட்டுப் பக்கம் இருக்கு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அனுப்பட்டா? பாக்குறீங்களா?"

எட்டுப் பக்கம். சிவப்பு மைப் பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. மனைவி முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். நான் பேசி முடிப்பதற்காக அவள் ஒரு வார்த்தையை வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"அத அப்புறம் பாக்கலாம்த்தா. உங்கம்மா இன்னும் முடிக்கல," என்று சொல்லிக் கைப்பேசியை மறுபடி செம்பில் சாய்த்து வைத்தேன்.

நாய் ஐந்து குட்டி போட்டதைத்தான் இதுவரை சொல்லியிருந்தாள். அதில் இரண்டு கறுப்பு.