வீட்டுக்கு மட்டும்

எங்கள் பக்கத்துக் கடைக்காரரை எல்லோரும் 'தண்ணி டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மோட்டார் பம்பு பழுது பார்ப்பவன். பதினைந்து வருடமாக எங்கள் இருவர் கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனால், கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பார். மணலா, கரியா, இரும்பை எடுக்கும் கறுப்பு மணலா, ரெசின் மணியா, எதை ஃபில்டரில் கொட்ட வேண்டும் என்று அப்புறம்தான் சொல்வார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: வீட்டுக்கா, வயலுக்கா? அதற்குப் பதில் வராமல், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பாட்டிலைத் தொட மாட்டார். எனக்கே சில நாள் எரிச்சல் வரும்.

ஒரு மழை நாளில், இருவரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, காரணத்தை அவரே சொன்னார். தொழிலுக்கு வந்த புதிதில், தம்பி இருக்கும் பூர்வீக வீட்டுக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்கவில்லை என்று ரெசின் போட்டுக் கொடுத்திருக்கிறார். நுரை பொங்கியது. தம்பி பெண்டாட்டி மெச்சினாள். அந்தப் பெருமையில் மனுஷர் வயலுக்குப் போகும் குழாயையும் அதோடு சேர்த்துவிட்டார். ரெசின் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். துணி துவைக்க நல்லது, மண்ணுக்கு ஆகாது. இரண்டே வருடத்தில் வயல் இறுகிப்போய் மிளகாய்ச் செடி தலை தூக்கவில்லை. தம்பி திட்டவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இவருக்குக் கல்யாணமும் ஆகவில்லை. இருந்த ஒரே சொந்தம் அந்தத் தம்பிதான். கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

போன வாரம் ஒரு வேன் டிரைவர் பாட்டில் கொண்டுவந்தார். ஒட்டியிருந்த சீட்டில் பெயர் இல்லை. 'வீட்டுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. தண்ணி டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து அதை இன்னொரு தடவை படித்தார். தம்பியின் கையெழுத்தாம்.

மூன்று தடவை சோதித்தார். இந்த முறை இரும்பு. கறுப்பு மணலை அளந்து மூட்டை கட்டி வேனில் ஏற்றினார். பிறகு சட்டை மாற்றி, தலை வாரி, கருவிப் பையோடு தானும் ஏறப்போனார். டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, பொருளை மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. மாட்ட அங்க ஆள் இருக்காம்."

"சரிப்பா. வாரம் ஒரு தடவை மணலைக் கீழேயிருந்து தண்ணி விட்டுக் கழுவணும்னு மறக்காம சொல்லிடு."

மத்தியானம் எட்டிப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டம்ளரில் அந்தப் பாட்டில் தண்ணீர், லேசாகச் செம்பழுப்பு. வடிகட்டாத தண்ணீரில் யாரையும் வாய் வைக்க விடாதவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணே, அதுல இரும்பு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இருக்கு. நானும் அவனும் குடிச்சு வளர்ந்த கிணறுப்பா."

மிச்சத்தையும் குடித்துவிட்டு எழுந்து பாட்டிலைக் கழுவினார். சீட்டை நனையாமல் முன்பே உரித்து எடுத்து வைத்திருந்தார்.