முதல் ஆணி

கள்ளக்குறிச்சியில் பதினேழு வருடத்தில் ஐந்து வாடகை வீடுகளில் இருந்திருக்கிறோம். ஐந்து வீட்டுக்காரர்களும் ஐந்து விதம். ஒருவர் தங்கமானவர். ஒரு அம்மா வாயைத் திறந்தால் மூட மாட்டார். இன்னொருவர் மாதம் பிறந்தால் மட்டும் கண்ணில் படுவார். ஆனால் சாவியைக் கையில் கொடுக்கும்போது ஐந்து பேரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள்.

"செவுத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க."

நான் பிளவுஸ் தைக்கிறவள். நிறத்துக்கு நிறம் பொருத்துவதுதான் என் பிழைப்பு. புடவையின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொடுத்தால் போதும், கடைக்குப் போய் அதற்குச் சரியான லைனிங் துணி எடுத்து வந்துவிடுவேன். அப்படிப்பட்டவளை நான்கு வெறும் சுவர்களுக்கு நடுவில் உட்கார வைத்தால் கை சும்மா இருக்குமா? ஆணி இல்லாமல் வீட்டை அலங்கரிப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் ஒரு நாள் முழுக்கப் பாடம் எடுப்பேன். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். கல்யாணப் போட்டோ ஃபிரிஜ்ஜின் மேல் சுவரில் சாய்ந்து நிற்கும், ஃபிரிஜ் உதறும்போதெல்லாம் நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடுவோம். கடிகாரத்தை சுவிட்ச் போர்டுக்குப் போகிற குழாயில் கம்பி போட்டுக் கட்டிவிடுவேன். மிச்சம் விழுந்த பிளவுஸ் துண்டுகளை முக்கோணமாக வெட்டித் தைத்த தோரணம், ஏற்கெனவே இருக்கிற திரைச்சீலைக் கம்பியிலேயே ஏறிக்கொள்ளும்.

இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை நம்பி ஒருமுறை மோசம் போனேன். அது கருணாபுரத்தில் இருந்த மூன்றாவது வீடு. காகிதப் பூ ஒன்றை ஒட்டியிருந்தேன். எடுக்கும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது. வீட்டுக்காரம்மா வந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூட நானும் நாலு வார்த்தை பேசிவிட்டு ஆறியிருப்பேன். அவர் ஒன்றும் பேசாமல், பெயர்ந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு சுவரை இப்படியா தடவுவார்கள் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். டேப்பை நேராகச் சுவரில் ஒட்டக் கூடாது. முதலில் கட்டியிருக்கிற புடவையில் இரண்டு தடவை ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டும். பசை கொஞ்சம் செத்துப்போகும். பிறகு ஒட்டினால் பொருளும் நிற்கும், எடுக்கும்போது பெயிண்டும் பெயராது. இதை என் மகளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

செடி விஷயத்திலும் இதே கதைதான். கொடி ஏற்றினால் சுவர் ஊறிவிடுமாம், தரையில் வைத்தால் வேர் அஸ்திவாரத்துக்குப் போய்விடுமாம். அதனால் என் தோட்டம் முழுக்கக் காலி பெயிண்ட் வாளிகளில் இருந்தது. செம்பருத்தி, கற்பூரவள்ளி, இட்லிப்பூ, என் கணவர் கல்வராயன் மலையிலிருந்து வேரோடு கொண்டுவந்த மிளகுக்கொடி ஒன்று. வீடு மாறும்போது தோட்டமும் வண்டியில் ஏறி எங்களோடு வரும்.

வண்டி என்றது அவருடைய வண்டிதான். என் கணவர் லோடு வேன் ஓட்டுகிறார். வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களில் மரவள்ளிக் கிழங்கை ஏற்றி, கீழே ஜவ்வரிசி ஆலைகளில் இறக்குவார். அவர் கிழங்கு ஏற்றுகிற ஒரு வீட்டில் மூங்கில் பின்னுகிற அம்மா ஒருவர் இருந்தார். எங்களுக்குப் பெண்குழந்தை இருப்பது தெரிந்து, ஒரு சாண் அகலத்தில் குட்டி முறம் ஒன்று பின்னிக் கொடுத்தனுப்பினார். அப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. விளையாடக் கொடுத்த முறத்தில் அவள் பெயிண்ட்டை எடுத்துப் படம் போட்டுவிட்டாள். பச்சையில் மலை, நீலத்தில் அப்பாவின் வேன், வேனுக்கு வெளியே மூன்று பேர். மூன்று பேரில் நான்தான் பெரியவள், வேனைவிட உயரம்.

"எம்மா, இத ஹால்ல மாட்டு" என்றாள்.

நாங்கள் அப்போது அந்தப் பெயிண்ட் பெயர்ந்த வீட்டில்தான் இருந்தோம். மாட்டுவதாவது. அழ ஆரம்பித்தவளைச் சமாதானப்படுத்த, மெஷினிலிருந்து சிவப்பு நூலை எடுத்து ஆறு பிரியாக முறுக்கி, முறத்தின் மேல் விளிம்பில் ஒரு வளையம் போட்டுக் கொடுத்தேன்.

"பாரு, மாட்டறதுக்கு ரெடியா இருக்குது. நாம சொந்தமா வூடு கட்டுவோம்ல? அப்ப மொத ஆணி உன் மொறத்துக்குத்தான்."

அதுவரைக்கும் பீரோ கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்தோம். பீரோ எங்களுடையது. அதற்கு எந்த வீட்டுக்காரரும் சட்டம் போட முடியாது. பள்ளிக்கூட டைம்டேபிள், பரிசுச் சான்றிதழ், ஸ்டிக்கர் பூக்கள், எல்லாம் அந்தக் கதவுக்கு உள்ளேதான். கதவைத் திறந்தால் மட்டும் எங்கள் வீடு அலங்காரமாக இருக்கும்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள். கட்டிப் பார்த்தோம். கச்சிராயபாளையம் ரோட்டில், மாடியேறி நின்றால் மலை தெரிகிற மாதிரி, இரண்டு அறையும் ஒரு ஹாலுமாக ஒரு வீடு. போன ஆவணியில் குடிவந்தோம். மகள் சேலத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். பரீட்சை நேரம் என்பதால் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு ராத்திரி வந்துவிட்டு மறுநாளே ஓடிவிட்டாள்.

ஹாலின் மேற்குச் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்க நான் எடுத்துக்கொண்ட நாட்களில் இன்னொரு சுவரே எழுப்பியிருக்கலாம். பச்சையும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல், மழை வருவதற்கு முன்னால் மலை இருக்கிற நிறம். பெயிண்டர் மூன்று தடவை கலந்து காட்டினார். நான்காம் தடவை, "எக்கா, நீயே கலந்துக்கோ" என்று குச்சியை என் கையில் கொடுத்துவிட்டார். நானேதான் கலந்தேன்.

செல்போனில் வீட்டு அலங்கார யோசனைகள் சொல்கிற ஒரு பெண்ணின் வீடியோக்களைத் தையலுக்கு நடுவே பார்ப்பேன். ஒரு வீட்டில் ஒரு சுவரையாவது காலியாக விட வேண்டும், காலிச் சுவர்தான் கண்ணுக்கு ஓய்வு என்று அந்தப் பெண் சொன்னாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் பேசிவைத்துக்கொண்டாற்போல ஏழு சுவர்க் கடிகாரங்கள் கொண்டுவந்திருந்தார்கள். ஏழும் லாஃப்டில் ஏறின. பெட்டிக்குள்ளேயே ஏழும் ஏழு நேரம் காட்டிக்கொண்டிருந்தன.

"ஒண்ணையாவது மாட்டு. மணி பாக்கக்கூட செல்போனத் தேட வேண்டி இருக்குது" என்றார் என் கணவர்.

"செவுரு பாழாயிடும்" என்றேன்.

டிவி மாட்ட டிரில் போட்டு நான்கு ஓட்டை போட்டார்கள். அது வேறு சுவர், அது வேறு விஷயம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். செடிகளைக்கூட இன்னும் வாளியில்தான் வைத்திருந்தேன். சொந்த மண்ணில் செடி வைக்க யாருடைய அனுமதிக்குக் காத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு மகள் வந்தாள். ஐந்து நாள். புது வீட்டில் அவள் நிஜமாகத் தங்கியது அப்போதுதான். வந்து குளித்து, சாப்பிட்டு, பீரோவைக் குடைந்து எதையோ எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். நான் மெஷினில் இருந்தேன். பொங்கல் நேரம், தைக்க வேண்டிய பிளவுஸ் மலையாகக் குவிந்து கிடந்தது.

"எம்மா, ஆணி இருக்குதா?"

"இன்னாத்துக்கு?"

"இத மாட்டத்தான்" என்று மேற்குச் சுவரில் எதையோ வைத்துப் பார்த்தாள்.

நான் தலையைத் தூக்கியும் பார்க்கவில்லை. "ஏய், செவுத்துல ஆணி மட்டும் அடிக்காத!"

சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். அவள் கையைக் கீழே இறக்கியிருந்தாள். ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "எப்பா, இங்க வந்து பாரு. ஹவுஸ் ஓனரம்மா வந்துட்டாங்க" என்று வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டாள். அவரும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே ஊசிக்கு நூல் கோத்தேன்.

அதற்குப் பிறகு நான்கு நாளும் அவள் ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தாள். "எம்மா, இந்த ஜன்னல்ல துண்டு போடலாமா?" என்று கேட்டுவிட்டுப் போட்டாள். "மேசைய இந்தப் பக்கம் நவுத்திக்கட்டுமா?" என்று கேட்டாள். வாசலில் கோலம் போட்டவள் வண்ணப்பொடி தரையில் கறை பிடிக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் நிறம் போட்டாள். விடுதி வாழ்க்கை பிள்ளைக்குப் பொறுப்பு கற்றுக் கொடுத்திருக்கிறது என்று நான் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்.

ஆறாம் நாள் விடிந்ததும் அப்பா அவளை சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அப்படியே மலைக்கு லோடுக்குப் போய்விட்டார். நான் அவள் அறையைப் பெருக்கப் போனேன். ஐந்து நாள் ஒரு பெண் அங்கே இருந்தாள் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. மேசை பழைய இடத்துக்கே போயிருந்தது. போர்வை மடித்திருந்தது. அதை உள்ளே வைக்கலாம் என்று புது அலமாரியின் கதவைத் திறந்தேன்.

கதவின் உட்பக்கத்தில் அந்தக் குட்டி முறம் இருந்தது. பச்சை மலை, நீல வேன், வேனைவிட உயரமான நான். மேலே என் சிவப்பு நூல் வளையம், பதினொரு வருடத்தில் ஒரு ஆணியைக்கூடப் பார்க்காமல், முறுக்கு கலையாமல் அப்படியே இருந்தது. வளையத்தை விட்டுவிட்டு நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். டேப்பின் ஓரத்தில் மஞ்சளாக நூல் தூசி. அவளுடைய மஞ்சள் சுடிதாரின் தூசி. சொந்த வீட்டு அலமாரியில் ஒட்டுவதற்கு, என் மகள் டேப்பைத் தன் சுடிதாரில் ஒட்டி ஒட்டிப் பசையைக் கொன்றிருக்கிறாள்.

அப்போதுதான் மொத ஆணி என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. அவளுக்கு அது ஒரு நாளும் மறந்திருக்காது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது. பதினேழு வருடம் நான் யார் யாரை மனதுக்குள் திட்டினேனோ, அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து என் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

எழுந்து ஆணி தேடினேன். தச்சர் விட்டுப்போன ஒரு கைப்பிடி ஆணி பரணில் கிடைத்தது. சுத்தியல் கிடைக்கவில்லை. பதினேழு வருடம் ஆணியே அடிக்காத வீட்டில் சுத்தியல் எதற்கு இருக்கும்? தேங்காய் உடைக்கிற கத்தியின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டேன். மேற்குச் சுவரின் நடுவில், ஸ்டூல் போட்டு ஏறி, ஆணியை வைத்து ஓங்கி அடித்தேன். ஆணி வளைந்து துள்ளிப் போய் டிவிக்குக் கீழே விழுந்தது. இரண்டாவது ஆணிக்கு, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பூச்சு உதிர்ந்து தரையில் கொட்டியது. நானே கலந்த நிறம். என்னை அறியாமல் அந்தப் பொக்கையைத் தடவினேன். தடவின பிறகு கருணாபுரத்து அம்மாவின் ஞாபகம் வந்தது. பாவம், அவருக்கும் அது ஆசை ஆசையாகக் கட்டின வீடாக இருந்திருக்கும்.

மூன்றாவது ஆணி பாதி இறங்கி நின்றது. டேப்பைப் பிய்த்து முறத்தை எடுத்து வந்து வளையத்தை மாட்டினேன். விரலில் ரத்தம் வந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். மகள் விடுதி போய்ச் சேர்ந்திருப்பாள் என்று தெரிந்ததும் வீடியோவில் கூப்பிட்டேன்.

"இன்னாமா, இப்பதான வந்தேன். அதுக்குள்ள இன்னா?"

நான் போனைத் திருப்பிச் சுவரைக் காட்டினேன்.

"இன்னாமா அது, பக்கத்துல பொக்கை?"

"ஆணி அடிச்சேன். எனக்கு அடிக்கத் தெரியல."

"எதுக்கும்மா? அது பாட்டுக்கு உள்ள கெடந்துட்டுப் போவுது" என்றாள்.

"மொத ஆணி உனக்குன்னு சொன்னேன்ல. மறந்துட்டேன் பாப்பா. எம்மேலதான் தப்பு."

சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. ஒன்பது வயதிலும் இப்படித்தான் துடைத்துக்கொள்வாள். பிறகு போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள்.

"ரொம்ப மேல மாட்டிட்ட. கோணலா வேற இருக்குது."

"எங்க வோணும்?"

"ஒரு சாண் கீழ, ஜன்னல் பக்கமா." சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். "வேணாம்மா. அங்க இன்னொரு ஓட்ட வுழும். செவுரு போயிடும்."

"செவுரு கெடக்குது. நீ எடத்த சொல்லு" என்று கத்தியைக் கையில் எடுத்தேன்.