ஜன்னலுக்கு எதிரே மூன்று வளைவுகள்

எவரிஸ்தோ எட்டு வருடம் சைக்கிள் பந்தயம் ஓட்டினான். ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஜெயிப்பது அவன் வேலையும் இல்லை. அடுப்பு செய்கிற ஒரு கம்பெனியின் அணியில் அவன் கிரெகாரியோ, அதாவது தலைவனுக்காக உழைக்கிறவன். எதிர்காற்று அடித்தால் தலைவனுக்கு முன்னால் போய் அதைத் தன் நெஞ்சில் வாங்க வேண்டும். குழாயடியில் இறங்கி ஆறு குப்பி தண்ணீர் பிடித்து, சட்டைக்குள் செருகிக்கொண்டு, நாக்குத் தள்ளத் துரத்திப் போய்க் கொடுக்க வேண்டும். தலைவனின் டயர் வெடித்தால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேலியோரம் நிற்க வேண்டும். ஜெயித்தவன் குளித்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் இவன் ஊர் எல்லையையே தொடுவான்.

இதை அவன் அப்பா செத்திமியோவுக்குப் புரியவைக்க யாராலும் முடியவில்லை. முப்பது வருடம் மலையில் கல் உடைத்தவர் அவர். நெஞ்சு முழுக்கக் கல்தூசி, நாக்கு முழுக்க விஷம். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் ஒரே கேள்விதான்.

"எத்தனாவது வந்த?"

"அறுபத்திரெண்டாவதுப்பா."

"மொத்தம் எத்தனை பேரு?"

"எழுபது."

"அப்ப உனக்குப் பின்னாடியும் எட்டுப் பேரு இருக்கானுங்க. அவனுங்களைப் பெத்தவங்களை நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு."

மதுக்கடையில் சீட்டாடும்போது யாராவது மகனைப் பற்றி விசாரித்தால், கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அது எவரிஸ்தோவின் காதுக்கும் வந்தது. வலித்தது.

1956 மே மாதம், ஐந்து நாள் பந்தயம் ஒன்றின் கடைசி நாள் பாதை காஸ்தெல்புரூனோ வழியாகப் போனது. அது எவரிஸ்தோவின் சொந்த ஊர். செத்திமியோ அப்போது படுத்த படுக்கை. மலைக்காற்று பட்டால் இருமல் கொன்றுவிடும் என்று, நவம்பரிலேயே அவர் அறை ஜன்னலை மூடி, இடுக்குகளில் கந்தல் துணியை அடைத்துவிட்டாள் எவரிஸ்தோவின் தங்கை நாசரேனா. அவர் வாரக் கடைசியைத் தாண்ட மாட்டார் என்று முந்தின நாள்தான் தந்தி கொடுத்திருந்தாள்.

பந்தயக்காரர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவனுடைய ஊர் வரும்போது மொத்தக் கூட்டமும் வேகத்தைக் குறைத்து அவனை முன்னால் விடும். அவன் போய், தெருவில் நிற்கிற வீட்டாரைக் கட்டிப்பிடித்து, கூட்டம் வந்ததும் அதிலேயே கலந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் யாரும் முந்தி ஓடக் கூடாது. முன்னால் விடப்பட்டவன் கனவில்கூட ஓடக் கூடாது.

அன்று அவனுக்காகக் கூட்டத்திடம் கேட்டவன் அணித் தலைவன் ஒரெஸ்தேதான். பதினெட்டு விநாடி வித்தியாசத்தில் பந்தயத்தில் முதலிடத்தில் இருந்தவன் அவன். காலையிலிருந்து வயிற்றுப்போக்கு, முகம் வெளுத்துக் கிடந்தது. அந்த நிலையிலும் ஒவ்வொரு அணித் தலைவனின் பக்கத்திலும் போய்ப் போய்க் கேட்டான்.

"இவன் அப்பா சாகக் கிடக்குறாருப்பா. ஊர் வர்றப்ப முன்னாடி விடுங்க."

"போகட்டும் போ. எங்க ஊருல என்னையும் விட்டீங்கல்ல," என்றான் ஒருவன்.

ஒரெஸ்தே திரும்பி வந்து எவரிஸ்தோவின் முதுகில் தட்டினான். "ரெண்டு நிமிஷம்டா. பாரு, முத்தம் குடு, வந்து சேர்ந்துக்க. ஊரைத் தாண்டுனா மேடு. என் வயிறு இருக்குற இருப்புக்கு யாராவது வேகம் எடுத்தா நான் செத்தேன். நீ பக்கத்துல வேணும்."

"வந்துடுறேண்ணே," என்றான் எவரிஸ்தோ. அதை மனசாரத்தான் சொன்னான்.

வீட்டு வாசலில் நாசரேனா மட்டும் நின்றாள். "மேல வாண்ணே. அவரால எறங்க முடியாது." பந்தயச் செருப்பின் அடித்தகடு கல்படிகளில் வழுக்க, அவன் கையையும் ஊன்றித் தாவி ஏறினான். கட்டிலில் அப்பா பாதியாகக் குறைந்து கிடந்தார். மகனின் சட்டையில் இருந்த பந்தய எண்ணைப் பார்த்ததும் பழைய கேள்வி வந்தது.

"எத்தனாவதுடா?"

எவரிஸ்தோ ஒரு கணம் யோசித்தான். "முதலாவதுப்பா. எனக்கு முன்னாடி ரோட்டுல ஒருத்தனும் இல்ல."

அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. செத்திமியோவின் முகம் அப்படியே மலர்ந்தது. எட்டு வருடத்தில் அந்த முகத்தை எவரிஸ்தோ பார்த்ததே இல்லை. மறு நிமிடமே அது சிவந்தது.

"அப்புறம் இங்க என்னடா புடுங்குற? போ!"

"ஒரு நிமிஷம்ப்பா, உங்களை..."

"போடா கழுதை! முந்திருவானுங்க. மேட்டுல நீ முன்னாடி போறதை நான் பார்க்கணும். போ!"

முத்தம் கொடுக்கக் குனிந்தவனைத் தூக்க முடியாத கையால் தள்ளினார். இருமல் பிடித்துக்கொண்டது. அவன் பயந்துபோய் இறங்கினான்.

தெருவுக்கு வந்தபோது கீழே நீரூற்றுப் பக்கம் கூட்டம் வரும் இரைச்சல் கேட்டது. அவன் அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் சட்டம். நின்றால் எழுபது பேரில் ஒருவனாகத்தான் மேடேற வேண்டும். ஊரைத் தாண்டிய சாலை ஓடையில் இறங்கி, எதிர்மலையில் மூன்று வளைவுகளாக ஏறுகிறது. அந்த மூன்றும் அப்பாவின் ஜன்னலுக்கு நேர் எதிரே. எவரிஸ்தோ சைக்கிளில் ஏறி மிதித்தான்.

முதல் வளைவில் திரும்பிப் பார்த்தான். ஜன்னல் மூடியிருந்தது. இரண்டாவதிலும் மூடியிருந்தது. "எழுந்திருப்பா, எழுந்து பாரு," என்று வாய்விட்டுக் கத்தினான். மூன்றாவது வளைவில் திரும்பியபோது இரண்டு கதவுகளும் அகலத் திறந்திருந்தன. நாசரேனா அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டாள்! எவரிஸ்தோ அழுதுகொண்டே, இருக்கையை விட்டு எழுந்து நின்று, ஜென்மத்தில் மிதிக்காத வேகத்தில் மிதித்தான். ஜன்னல் மறைந்ததும் மலை உச்சியில் காலை ஊன்றி நின்றுவிட்டான். பிறகுதான் பின்னால் என்ன நடக்கிறது என்று நினைவு வந்தது.

நம்பி முன்னால் விடப்பட்டவன் ஓடுகிறான் என்றதும் கூட்டம் கொதித்துப்போய்த் துரத்தியிருந்தது. அந்த வேகத்தில் ஒரெஸ்தே வாந்தியெடுத்து, தனியாகப் பின்தங்கினான். உச்சியில் நின்றவனை ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். ஒருவன் துப்பினான். கடைசியில் வந்த ஒரெஸ்தேவுக்கு முன்னால் போய், மீதி அறுபது கிலோமீட்டரும் காற்றை வாங்கி இழுத்துச் சென்றான் எவரிஸ்தோ. பலனில்லை. ஏழு நிமிடம் தாமதம், பந்தயம் போயிற்று.

முடிவுக்கோட்டில் ஒரெஸ்தே சொன்னது இவ்வளவுதான்: "பிச்சை கேக்குற மாதிரி உனக்காகக் கேட்டேனேடா."

எவரிஸ்தோ வாயைத் திறக்கவில்லை. அப்பாவுக்காக ஆடிய நாடகம் என்று சொன்னால் அப்பா பார்த்தது பொய்யாகிவிடும் என்று நினைத்தான். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம், பாவி. மறுநாளே அணியிலிருந்து நீக்கினார்கள். வேறு எந்த அணியும் சேர்த்துக்கொள்ளவில்லை.

பந்தயம் முடிந்த அன்று சாயங்காலம் அவன் வீடு வந்தபோது அப்பாவுக்குக் கல்யாணக் கோட்டு போட்டுக் கிடத்தியிருந்தார்கள்.

"பார்த்தாராடி?"

நாசரேனா கையிலிருந்த துணியை மடித்தாள். "பார்த்தாருண்ணே."

"சிரிச்சாரா?"

"ம்."

பிறகு இருபத்துமூன்று வருடம் அவன் சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தான். மதுக்கடையில் அவனுக்குத் திருடன் என்றே பெயர். "திருடன் வந்துட்டான், பர்ஸைப் பிடிங்கடா," என்பார்கள். அவன் ஒரு கோப்பை ஒயினைக் குடித்துவிட்டு எழுந்து வருவான். அப்பா பார்த்தார், அது போதும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நண்பன் என்று ஒருவனும் இல்லை. அந்த ஒரு ஜன்னலை வைத்துக்கொண்டு வாழ்ந்தான்.

1979 பிப்ரவரியில் நாசரேனா அதே அறையில், அதே கட்டிலில் படுத்தாள். இதய நோய். ஒரு காலையில் அவன் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"என் மூச்சு நின்னதும் ஜன்னலைத் தொறந்துடுண்ணே. ஆவி உள்ள சிக்கிக்கக் கூடாது. அப்பாவுக்கு நான் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கல. நீ அப்ப மூணாவது..."

நிறுத்திக்கொண்டாள். கரண்டி அவன் கையிலேயே நின்றது. சாவு விழுந்த அறையில் முதலில் ஜன்னலைத் திறப்பார்கள் என்பது அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். இத்தனை வருடத்தில் அவனுக்கு அது தோன்றவே இல்லை.

"அவர் பார்க்கலையா?"

"நீ படியெறங்கும்போது வந்த இருமல் நிக்கவே இல்லண்ணே. நீ ரெண்டாவது வளைவு தாண்டுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." அவள் அழுதாள். "நீ கேட்ட கேள்விக்கு இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

எவரிஸ்தோ கோபப்படவில்லை. சூப் ஆறிவிட்டது, சூடாக்கி வருகிறேன் என்று எழுந்து போனான். 

இரண்டு நாள் கழித்து, மதியத்துக்குச் சற்று முன்னால் அவள் மூச்சு நின்றது. அவன் அவள் கண்களை மூடிவிட்டு, இடுக்கில் குளிருக்கு அடைத்திருந்த துணிகளைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்தான். அப்பா போன பிறகு அந்த ஜன்னலில் அவன் நின்று பார்த்தது அதுவே முதல் தடவை. எதிர்மலையின் மூன்றாவது வளைவில் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் எழுதியிருந்த பெயரை அங்கிருந்தே படிக்க முடிந்தது.