இன்று நான் வாய் திறக்கவில்லை

இன்று கல்லூரி அணிக்கு இந்தச் சுற்றின் கடைசி ஆட்டம். வென்றால்தான் அடுத்த சுற்று.

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இந்த உதைபந்தாட்டத்தை நான் யாரிடமும் படிக்கவில்லை. பார்த்தே படித்தேன். இந்தப் பருவம் முழுவதும், எங்கள் அணி தாக்கும்போது பந்து எந்தப் பக்கம் போகும் என்று பார்வையாளர் வரிசையில் பக்கத்தில் இருக்கும் குகனின் காதில் சொல்லி வந்தேன். ஒன்றுகூடப் பிழையாகப் போனதில்லை.

போன கிழமை பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். அதனால் இன்று பேசாமல் இருந்தேன்.

அணி ஓரடிகூட முன்னேறவில்லை.

கடைசி நிமிடத்தில், எங்கள் அணியில் பந்தை எறிகிறவன் ஆட்டத்தைத் தொடங்காமல் நின்றான். அவனுடைய தலைக்கவசம் மெல்ல என் பக்கம் திரும்பியது. பிறகு மற்றப் பதினொரு தலைக்கவசங்களும் திரும்பின.

குகன் என் கையை இறுக்கிப் பிடித்தான். "அண்ணை, உவங்கள் உங்களைத்தான் பாக்கிறாங்கள். சொல்லுங்கோவன்!"

"உவங்களுக்குத் தமிழ் விளங்குமே?"

"எனக்குத் தெரியாது. சொல்லுங்கோ!"

"சிரிச்சவரைக் கேக்கட்டும்."

அவர்கள் அசையவேயில்லை. நேரம் முடிந்தது. தோற்றோம்.

ஸ்காபரோவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, பயிற்சியாளரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றான் குகன்.

நானா? நீங்களே சொல்லுங்கள்.