அக்கா வாங்க வேண்டிய பேட்ஜ்

நான் வேலை பார்க்கும் பள்ளியில் சாரணியர் படைக்கு நான்தான் பொறுப்பாசிரியை. பிள்ளைகள் தேர்வில் தேறி பேட்ஜ் வந்து சேர்ந்தால், மறுநாள் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்திலேயே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவேன். தலைமை ஆசிரியருக்கு இதில் மனக்குறை உண்டு. ஆண்டு விழா வரை வைத்திருந்தால் மேடை நிறைந்த மாதிரி இருக்குமே என்பார். "இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு என் வழக்கப்படியே செய்வேன். பிடிவாதக்காரி என்று பேர் வாங்கியாயிற்று, இருந்துவிட்டுப் போகட்டும். காரணம் சொல்லப் புகுந்தால் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். அதில் நான் அவ்வளவு நல்லவளாக வரமாட்டேன்.

கறம்பக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அக்கா ஊர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது படித்தபோது நான் ஐந்தாவது. படிப்பில் அக்கா சுமார்தான். பள்ளி விழாக்களில் நான் வருடா வருடம் சோப்பு டப்பாவும் எவர்சில்வர் கிண்ணமுமாக வாங்கிக்கொண்டு வருவேன். அக்கா பேரை ஒருநாளும் மைக்கில் கூப்பிட்டதில்லை. அவளும் அதைப்பற்றிப் பேசியதில்லை. அப்படிப்பட்டவள் அந்த வருடம் சாரணியர் படையில் சேர்ந்து முதலுதவி பேட்ஜ் வாங்கியே தீருவேன் என்று கிளம்பினாள்.

முதலுதவி பழக ஒரு நோயாளி வேண்டும். வீட்டில் சும்மா இருந்தது நான் ஒருத்திதான். அந்த இரண்டு மாதத்தில் எனக்கு வராத ஆபத்து இல்லை. காலையில் கை முறியும், சாயங்காலம் பாம்பு கடிக்கும், ஞாயிற்றுக்கிழமையானால் குளத்தில் மூழ்குவேன். அப்பாவின் துண்டெல்லாம் என் மேல்தான் இருந்தது. "ஏய், மயங்குனவ சிரிக்க மாட்டாடி" என்று அக்கா அதட்டுவாள். ஒரு நாள் என் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டு, மறந்துபோய்க் கடைக்குப் போய்விட்டாள். அவள் சீனி வாங்கிக்கொண்டு திரும்பும் வரை கிடந்தேன். இப்படிக் கிடந்து கிடந்தே அவள் படித்ததெல்லாம் எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

தேர்வில் அக்காதான் முதலாவதாக வந்தாள். அடுத்த வாரமே சித்தப்பா தேங்காய் வெட்டும்போது அரிவாளில் கையைக் கிழித்துக்கொண்டார். நாங்களெல்லாம் கத்திக்கொண்டு நின்றோம். அக்கா மட்டும் கையைத் தூக்கிப் பிடித்து அழுத்தி, சுத்தமான துணியைக் கிழித்துக் கட்டி, வண்டியில் ஏற்றிவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, யார் கட்டியது என்று கேட்டாராம். சித்தப்பா வந்து சொன்னதிலிருந்து அக்கா அதை ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேட்ஜ் ஆவணி மாதமே தபாலில் வந்துவிட்டது. வட்டமான துணியில் சிவப்பு நூலால் ஒரு கூட்டல் குறி. பிஸ்கட் அளவுகூட இருக்காது. ஆனால் அது பள்ளியின் இரும்பு பீரோவுக்குள் போனது. படைக்குப் பொறுப்பான டீச்சர் கண்டிப்பானவர், பிள்ளைகள் மேல் பிரியமும் உள்ளவர். விருது என்றால் விழா வைத்து, சிறப்பு விருந்தினர் கையால் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கா போய்க் கேட்டதற்கு, "அது என்ன ரேஷன் சீனியா, கையில வாங்கிட்டுப் போக? நாலு பேரு பாக்க மேடையில வாங்கணும்மா" என்றார். அக்காவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதில் அவளுக்கென்ன கசக்கவா செய்யும்?

ஐப்பசியில் தேதி வைத்தார்கள். மழை கொட்டி மைதானமே குளமானது. அடுத்த தேதியில் சிறப்பு விருந்தினர் வீட்டில் கல்யாணம். அப்புறம் அரையாண்டுத் தேர்வு, பொங்கல், பொதுத்தேர்வு என்று ஓடிப்போனது. அக்கா பீரோவைத் துடைக்கிற சாக்கில் ஆபீஸ் ரூமுக்குப் போய்வந்துகொண்டே பத்தாவதை முடித்துவிட்டாள். பிளஸ் ஒன்னுக்குப் புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். நான் ஆறாவதுக்கு அவள் படித்த பள்ளிக்கே வந்தேன். அந்த ஆடி மாதம் விழாவுக்குத் தேதி உறுதியானது.

ஹாஸ்டலில் காலாண்டு லீவுக்கு முன்னால் யாரையும் அனுப்ப மாட்டோம் என்றுவிட்டார்கள். அம்மா டீச்சரிடம் போய் நின்றாள்.

"புள்ள ரொம்ப ஆசையா இருக்கு டீச்சர். லீவு வர்ற வரைக்கும் பொறுக்க முடியாதுங்களா?"

"பதினோரு மாசம் அலைஞ்சு வாங்குன தேதிங்க. இனிமே மாத்த முடியாது. சின்னவ இங்கதான படிக்கிறா, அவ வாங்கிக்கட்டும். எங்க போகப்போகுது, ஒங்க வீட்டுக்குத்தான வருது?"

அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் போனிலிருந்து பேசினாள். அம்மாவோடு பேசி முடித்ததும் என்னைக் கூப்பிட்டாள். "மேடையில யாராச்சும் கேட்டா எங்க அக்காவுக்குன்னு சொல்லிரு. எம்பேர முழுசாச் சொல்லணும், இனிஷியலோட. சொல்லுவியா?" என்றாள். சரி சரி என்றேன்.

சிறப்பு விருந்தினர் ஒரு ரைஸ்மில் முதலாளி. பதினோரு மாதம் காத்திருந்தது இவருக்குத்தானா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர் வேட்டியின் வெள்ளையைப் பார்த்தே அசந்துபோனேன். அக்காவின் கழுத்துத் துணியை எனக்குக் கட்டிவிட்டிருந்தார்கள். டீச்சர் தாளைப் பார்த்துப் பேரைப் படிப்பதற்குள் விருந்தினர் மைக்கைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். பேட்ஜை என் தோளில் ஊக்கால் குத்திவிட்டு, "பாப்பா பேரு என்ன?" என்றார். இனிஷியல் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதுவரை சரியாகத்தான் சொன்னேன். அதற்குப் பின்னால் என் பேர் வந்துவிட்டது.

"இத்துணூண்டு புள்ள முதலுதவி படிச்சிருக்கு பாருங்க! ஒருத்தர் மயங்கி விழுந்தா என்னம்மா செய்வ?"

நூறு தடவை மயங்கி விழுந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? மல்லாக்கப் படுக்க வைத்து, காலை ஒரு அடி உயரம் தூக்கி வைத்து, சட்டையைத் தளர்த்தி, கூட்டத்தை விலக்கிக் காற்று வரவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். கைதட்டல் ஓயவே இல்லை. டீச்சர் திருத்துவதற்காக மைக் பக்கம் வந்தார். அதற்குள் போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். நானும் நெருங்கி நின்று சிரித்தேன்.

காலாண்டு லீவுக்கு அக்கா வந்ததும் பையைக் கீழே வைப்பதற்குள் பேட்ஜை எடுத்து நீட்டினேன். அவள் அந்தச் சிவப்பு நூலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "மைக்கில என்ன சொன்னாங்க?" என்றாள். நான் விருந்தினர் மாதிரியே நடித்துக் காட்டினேன்.

"எம்பேரு?"

"அதுக்குள்ள போட்டோ எடுக்க வந்துட்டாங்கக்கா. ஆனா அம்புட்டு ஜனமும் கை தட்டுச்சு."

"கால எவ்வளவு ஒசரம் தூக்கணும்னு சொன்ன?"

"ஒரு அடி."

"கரெக்டுதான்" என்று சிரித்தாள். பிறகு பேட்ஜை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "நீயே வச்சுக்க."

துள்ளிக்கொண்டு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதுகில் ஒன்று வைத்து, "போயி அக்காகிட்டக் குடுத்துட்டு வாடி" என்று விரட்டினாள். எதற்கு அடி என்றே விளங்கவில்லை. அக்கா அடிபம்பில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நீட்டினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்கு எதுக்குடி? ஒனக்குத்தான குடுத்தாங்க" என்றாள்.

இவ்வளவு நல்ல அக்கா யாருக்கு வாய்க்கும் என்று தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தேன். அவள் ஹாஸ்டலுக்குத் திரும்பிப்போகும் வரை பத்து நாளும், தினம் ஒரு சட்டையில் அந்த பேட்ஜைக் குத்திக்கொண்டு, அவள் கண்ணில் படும்படியே திரிந்தேன்.